ஈர்ப்பா, விலக்கலா: மின்னூட்டம் அறிய எதை நம்பலாம்?

ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா, இருந்தால் அது நேரா எதிரா என்று கண்டுபிடிக்க நமக்குக் கிடைக்கும் தடயங்கள் இரண்டுதான். இன்னொரு பொருளைப் பக்கத்தில் கொண்டுபோனால் இரண்டும் நெருங்கும், இல்லாவிட்டால் விலகும். "ஓரின மின்னூட்டங்கள் விலக்கும், வேறின மின்னூட்டங்கள் ஈர்க்கும்" என்று ஒரே மூச்சில் படித்துவிடுவதால், இரண்டு தடயங்களுக்கும் ஒரே மதிப்பு என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. விலக்கலின் சாட்சியத்தை அப்படியே ஏற்கலாம். ஈர்ப்பின் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கவே கூடாது.

காரணம் எளிது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கிறது. அந்தத் துணுக்குகளில் நிகர மின்னூட்டம் எதுவும் கிடையாது. எதிர்மின்னூட்டம் பெற்ற தண்டை ஓர் உலோக உருண்டைக்கு அருகில் கொண்டுபோனால், உருண்டையில் உள்ள எலக்ட்ரான்கள் மறுபக்கம் ஒதுங்கும். தண்டை நோக்கிய பக்கத்தில் நேர்மின்னூட்டம் மிஞ்சும். காகிதம் போன்ற மின்கடத்தாப் பொருளில் எலக்ட்ரான்கள் அவ்வளவு தூரம் ஓடாது, ஒவ்வொரு மூலக்கூறுக்குள்ளும் கொஞ்சம் நகரும். எதுவானாலும் வேறின மின்னூட்டம் கிட்டேயும் ஓரின மின்னூட்டம் சற்று எட்டவும் அமைகிறது. தூரம் கூடினால் விசை குறையும் என்பதால், கிட்டே இருப்பதன் ஈர்ப்பே வெல்கிறது. தண்டு நேர்மின்னூட்டம் உடையதாக இருந்தாலும் இதே முடிவுதான். ஆக, ஈர்ப்பைக் கண்டால் "வேறின மின்னூட்டம், அல்லது ஒன்றில் மின்னூட்டமே இல்லை" என்று மட்டுமே எழுத முடியும்.

விலக்கலுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. மின்னூட்டமற்ற சாதாரணப் பொருள் தூண்டலால், அதாவது மேலே கண்டபடி உள்ளிருக்கும் மின்னூட்டம் இடம் நகர்வதால், ஈர்க்கப்படுமே தவிர விலக்கப்படாது. எனவே இரண்டு பொருள்கள் விலகினால் இரண்டிலும் மின்னூட்டம் உண்டு, அதுவும் ஒரே வகை. இன்னொன்றும் உண்டு: ஒரே வகை மின்னூட்டம் ஏற்றத்தாழ்வாக உள்ள இரண்டு உலோக உருண்டைகளை மிக மிக நெருக்கமாக வைத்தால், தூண்டல் மேலோங்கி அவை ஈர்க்கவும் கூடும். ஈர்ப்பை நம்பாததற்கு இது கூடுதல் காரணம். கணக்குகளில் உருண்டைகள் போதிய இடைவெளியில் இருப்பதாகவே கொள்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். அ, ஆ, இ, ஈ என நான்கு உருண்டைகள். அ-வும் ஆ-வும் விலகுகின்றன. ஆ, இ-யை ஈர்க்கிறது. இ, ஈ-யை ஈர்க்கிறது. ஈ, அ-வை ஈர்க்கிறது. அ நேர்மின்னூட்டம் உடையது.

பலரும் முதலில் எடுப்பது சங்கிலி வழி: அ நேர், எனவே ஆ நேர், எனவே இ எதிர், எனவே ஈ நேர். இப்போது ஈ-யும் அ-வும் நேர். அவை விலக வேண்டும், ஆனால் ஈர்க்கின்றன. சங்கிலி அறுந்துவிட்டது. ஈர்ப்பை வேறின மின்னூட்டம் என்று மட்டும் படித்ததுதான் கோளாறு. இன்னும் மோசம், பல கணக்குகளில் சங்கிலி அறுபடாமலே தவறான விடையில் கொண்டுபோய் விடும்.

மற்றது வாய்ப்புகளை எழுதி அடிக்கும் வழி. விலகலிலிருந்து தொடங்குங்கள்: அ, ஆ இரண்டும் நேர், இது உறுதி. இ எதிராகவோ மின்னூட்டமற்றதாகவோ இருக்கலாம்; ஈ-க்கும் அதே இரண்டு வாய்ப்பு. இரண்டும் எதிரானால் விலகும். இரண்டும் மின்னூட்டமற்றவையானால் அவற்றுக்கிடையே விசையே இராது. எனவே ஒன்று எதிர், மற்றது மின்னூட்டமற்றது. எது எது? கொடுத்த தகவலை வைத்துச் சொல்லவே முடியாது. "முடியாது" என்பதும் இங்கே முழுமையான விடைதான். சங்கிலி வழி அதைக் காட்டவே காட்டாது. கொஞ்சம் மெதுவானது என்றாலும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

மூன்று உருண்டைகள் ஒன்றையொன்று ஈர்த்தால் அவற்றின் மின்னூட்டம் என்ன என்ற கேள்வியும் இதில் உடனே தீரும். மின்னூட்டம் இரண்டே வகை. மூன்றிலும் மின்னூட்டம் இருந்தால் ஏதாவது இரண்டு ஒரே வகையாகி விலகியாக வேண்டும். ஆகவே ஒன்றில் மின்னூட்டம் இல்லை.

வகை இரண்டுதான் என்பதே இப்படித்தான் தெரியவந்தது. 1733-இல் பிரான்சின் டு ஃபே, தேய்த்த கண்ணாடியால் மின்னூட்டம் பெற்று அதிலிருந்து விலகிய தங்கத் தகட்டைத் தேய்த்த பிசினுக்கு அருகில் கொண்டுபோனார். அது ஈர்க்கப்பட்டது. கண்ணாடி வகை கண்ணாடி வகையையும், பிசின் வகை பிசின் வகையையும் விலக்குவதைக் கொண்டு இரண்டையும் பிரித்தார். நேர், எதிர் என்ற பெயர்கள் பிறகு பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடமிருந்து வந்தவை. 1785-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் (Coulomb), கம்பி முறுகும் அளவைக் கொண்டு விசையைக் காட்டும் தன் முறுக்குத் தராசில் முதலில் அளந்ததும் விலக்கு விசையைத்தான். ஈர்க்கும் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளப் பார்த்ததால், ஈர்ப்பை அளக்க, ஊசலாட்டத்தின் வேகத்திலிருந்து விசையைக் கணிக்கும் அலைவு முறைக்குப் போனார்.

கருவிகளில், நூலில் தொங்கும் நெட்டிப் பந்து செய்வதற்கு எளிது. ஆனால் தண்டு தொட்டுவிட்டால் அதன் மின்னூட்டத்தையே வாங்கிக்கொண்டு பந்து விலகும். பழைய நிலை அழிந்துபோகும். தங்க இலை நிலைமின்காட்டியில் (மின்னூட்டம் ஏறினால் ஒன்றையொன்று விலக்கி விரியும் மெல்லிய தங்க இலைகள் கொண்ட கருவி) தொடாமலே பார்க்கலாம். பட்டுத் துணியால் தேய்த்த கண்ணாடித் தண்டைக் கொண்டு அதற்கு நேர்மின்னூட்டம் கொடுத்து வையுங்கள். சோதிக்கும் பொருளை மெல்ல அருகே கொண்டுபோகும்போது இலைகள் மேலும் விரிந்தால் பொருள் நேர். இலைகள் சுருங்கினால் அவசரப்படாதீர்கள்: மின்னூட்டமற்ற கடத்திக்கும் இலைகள் சுருங்கும். நிலைமின்காட்டிக்கு எதிர்மின்னூட்டம் கொடுத்து மறுபடி பாருங்கள். இப்போது விரிந்தால் பொருள் எதிர். இரண்டு முறையும் சுருங்கினால் அதில் மின்னூட்டம் இல்லை.