நேப்பியர் புல்: நட்ட பிறகுதான் வேலையே

பல வருடங்களாக நேப்பியர் புல்லை அறுத்துத்தான் மாடுகளுக்குப் போட்டு வருகிறேன். நடலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், தாராளமாக நடலாம். குறைந்த இடத்தில் இவ்வளவு பசுந்தீவனம் அள்ளித் தரும் புல் வேறொன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் "ஒருமுறை நட்டால் போதும், அப்புறம் வருடக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கலாம்" என்ற பேச்சை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பல்லாண்டுப் புல் என்பது உண்மைதான். அது எத்தனை ஆண்டு நிற்கும் என்பது நாம் அறுக்கிற விதத்திலும், அறுத்த பிறகு மண்ணுக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறோம் என்பதிலும்தான் இருக்கிறது.

இதன் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. ஆற்றோரங்களிலும் காட்டோர ஈர நிலங்களிலும் தானாகவே வளர்வது. விட்டால் 4 மீட்டருக்கு மேல் ஓங்கிவிடும். யானைப்புல் என்றும் சொல்வார்கள். நல்ல வெயில், நல்ல ஈரம், ஆனால் காலடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் ஆழமாகப் போவதால் வறட்சியில் செத்துப் போகாது, வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். உறைபனி விழுந்தால் மேல்பகுதி கருகிவிடும்.

இப்போது பரவலாக நடுவது பெரும்பாலும் கம்பையும் நேப்பியரையும் கலப்பினம் செய்து உருவாக்கிய ஒட்டுப்புல். தாய்லாந்தின் பாக்சோங் ரகமும் இந்த வகைதான். கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, இந்த ஒட்டுக்கு 21, அது ஜோடி ஜோடியாகப் பிரியாத ஒற்றைப்படை எண். அதனால் கதிர் வந்தாலும் விதை பிடிக்காது. இந்த ஒட்டுப்புல்லுக்கு விதை என்று யாராவது பொட்டலத்தை நீட்டினால் வாங்காதீர்கள். கரணை, அதாவது கணுவுள்ள தண்டுத் துண்டு, இல்லாவிட்டால் வேரோடு பிரித்த தூர், இவை இரண்டும்தான் வழி.

நடவில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. மூன்று மாதம் முற்றிய தண்டின் நடுப்பகுதியில் இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, கண் மேல்நோக்கி இருக்குமாறு சாய்வாகச் செருகி, ஒரு கணுவை மண்ணுக்குள்ளும் ஒன்றை வெளியிலும் விட வேண்டும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டர் எனக்குச் சரியாக இருக்கிறது. முதல் மாதம் களை எடுப்பதில் கை தளரக் கூடாது. அதன் பிறகு புல்லே நிழல் கட்டிக் களையை அமுக்கிவிடும்.

முதல் அறுப்பை 75 முதல் 90 நாளுக்குள் எடுக்கலாம். அதற்கு முன்பே அறுக்க ஆசை வரும், புல் அவ்வளவு செழிப்பாகத் தெரியும். ஆனால் அதுவரை வேர் பிடிக்க விட்டால்தான் பின்னால் தாங்கும். அடுத்தடுத்த அறுப்புகள் வெயில் காலத்தில் 40, 45 நாளுக்கு ஒருமுறை. குளிர் மாதங்களில் நாளை எண்ணாமல் புல்லின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இடுப்பைத் தாண்டி நெஞ்சு உயரம் வரும்போது எனக்கு அறுப்பு நேரம்.

எவ்வளவு உயரத்தில் அறுப்பது என்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்வேன். தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கட்டை விட்டு அறுக்க வேண்டும். அடுத்த துளிருக்கான கண்களும், இலை வரும்வரை தாக்குப்பிடிக்கும் சத்தும் அந்தக் கட்டையில்தான் இருக்கின்றன. அறுத்து இரண்டு நாள் கழித்துத் தூரை உட்கார்ந்து பாருங்கள். சில கட்டைகளின் நடுவில், கத்தரித்ததுபோல் தட்டையான நுனியோடு குருத்து விரலளவு மேலே வந்திருக்கும். வளரும் முனை அரிவாளுக்குத் தப்பிய போத்து, அதாவது தூரிலிருந்து கிளைத்த தண்டு அது, உடனே ஓடத் தொடங்கிவிடும். முனை போன போத்தில் அப்படி எதுவும் வராது; பக்கக் கண் வெடித்துத்தான் வர வேண்டும், அதற்குச் சில நாள் கூடுதலாகும். தரையோடு ஒட்ட அறுத்தால் இந்த இரண்டாவது வகையே மிஞ்சும். ஒரு அறுப்பில் வித்தியாசம் தெரியாது. தொடர்ந்து அப்படியே அறுத்தால் தூர் மெலிந்துகொண்டே போகும். அரிவாள் கூராக இருப்பதும் அவசியம். மழுங்கிய அரிவாள் கட்டையைப் பிளந்துவிடும். மழைக்காலத்தில் அந்தப் பிளவு கணு வரைக்கும் பழுப்பேறி அழுகும்.

நாள் தள்ளிப் போனால் எடை கூடும், ஆனால் கூடுவது தண்டு. காய்ந்த எடைக்குக் கணக்கிட்டால் இளம்புல்லில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும் புரதம், முற்றிய புல்லில் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். மாட்டுக்கு இது நன்றாகத் தெரியும். முற்றிய புல்லைப் போட்ட நாளில் தொட்டியைப் பாருங்கள், இலையெல்லாம் காலியாகி, தண்டுத் துண்டுகள் மட்டும் மூக்கால் ஒதுக்கித் தள்ளப்பட்டுக் கிடக்கும். புது ரகங்களுக்குச் சொல்லும் பெரிய புரத எண்களை இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். எத்தனை நாள் புல், எவ்வளவு உரம் என்று சேர்த்துச் சொல்லாத எண்ணால் நமக்கு உபயோகம் இல்லை. எந்த ரகமானாலும் சீக்கிரம் அறுத்தால் சத்து, தள்ளி அறுத்தால் நார்.

இவ்வளவு தழையை வெளியே எடுக்கிறோம் என்றால் அவ்வளவு தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) மண்ணை விட்டுப் போகின்றன. யூரியா மட்டும் தூவினால் கொஞ்ச காலம் பச்சையாக எழும். பிறகு அடி இலைகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கும். சாம்பல் சத்து தீர்ந்துவருவதற்கு அது அடையாளம். புல் போகும் கொட்டகையிலிருந்தே சாணமும் மாட்டுச் சிறுநீரும் திரும்பி வரிசைக்கு வந்துவிட வேண்டும் என்பது என் வழக்கம். ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு கொட்டகை கழுவிய தண்ணீரை வரிசைகளுக்கு விட்டு, தொழுஉரம் போட்டு, மண் அணைத்துவிடுகிறேன்.

மூன்றாம் நான்காம் ஆண்டில் தூர் வயதாவது கண்ணுக்குத் தெரியும். சுற்றிலும் போத்து அடர்ந்திருக்க, நடுப்பகுதி காய்ந்து பொக்கையாகிவிடும். தூர் மண்ணுக்கு மேலே எழும்பி நிற்கும், வேர் வெளியே தெரியும். மண் அணைத்து வந்தால் இதைச் சில காலம் தள்ளிப்போடலாம். அதற்குப் பிறகு கடப்பாரை போட்டுத் தூரைப் பெயர்த்து, ஓரத்துப் போத்துகளைப் பிரித்து நடுவதே நல்லது. முழு நிலத்தையும் ஒரே சமயத்தில் கிளறாமல் வருடத்துக்குச் சில வரிசை என்று மாற்றி வந்தால் தீவனம் தடைபடாது.

அடுத்து, போடும் முறை. இதையே முழுத் தீவனமாக நம்பக் கூடாது. இளம்புல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தண்ணீர்தான், அதனால் வைக்கோல் போன்ற உலர்தீவனம் கூடவே வேண்டும். இதில் ஆக்சாலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். படிப்படியாகப் பழக்கினால் மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சாலேட்டில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், எனவே புதிதாகக் கொடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குதிரைக்கு அந்த வசதி இல்லை; இதை மட்டுமே தின்றுவந்தால் எலும்பு கெடும். நான் வேலிமசாலும் காராமணியும் கலந்து கொடுக்கிறேன், தாது உப்புக் கலவையை நிறுத்துவதே இல்லை.

நைட்ரேட்டிலும் கவனம் வேண்டும், அளவு மீறினால் அது மாட்டுக்கு நஞ்சு. நீண்ட வறட்சிக்குப் பிறகு மழை பெய்து புல் திடீரென்று கிளம்பும்போதும், யூரியா அதிகமாகப் போட்ட சில நாட்களிலும் தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் சேரும். காய வைத்தாலும் அது போகாது. அந்தச் சமயத்தில் ஒரு வாரமாவது பொறுத்து, கட்டையைக் கொஞ்சம் கூடுதல் உயரத்தில் விட்டு அறுத்து, மற்ற தீவனத்தோடு கலந்து போடுங்கள். புளிக்க வைத்துச் சேமிக்க, அதாவது சைலேஜ் போட நினைத்தால் அறுத்த புல்லை முதலில் வாட விடுங்கள். ஈரம் அதிகம், சர்க்கரை குறைவு என்பதால் அப்படியே அடைத்தால் நாறிவிடும். வெல்லப்பாகு தெளித்து, காற்றில்லாமல் மிதித்து அடைத்தால் நன்றாக வருகிறது.

அறுக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இலையோரம் கையைக் கீறும், சுனை அரிக்கும். வெட்டிய தண்டை ஓடையிலோ வாய்க்காலிலோ எறியவே கூடாது. மிதந்து போய்க் கணுவில் வேர்விட்டு, போன இடத்தில் காடாகிவிடும். புளோரிடாவிலும் கலாபகோஸ் தீவுகளிலும் இது ஊடுருவும் களையாகப் போராட வைக்கும் புல்.

நோய் பெரிய தொல்லையாக எனக்கு வரவில்லை. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. கென்யாவில் சிறு பால் பண்ணைகளுக்கு இதுதான் முதன்மைத் தீவனம், அங்கே கரிப்பூட்டை என்ற பூஞ்சை நோயும், செடியைக் குட்டையாக்கி மஞ்சளாக்கும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் நோயும் தூர்களையே அழித்திருக்கின்றன. கரிப்பூட்டையைத் தாங்குவதற்காகவே ககமேகா 1 என்ற ரகத்தைக் கொடுத்தார்கள். இந்த இரண்டு நோயும் கரணையோடு பயணம் செய்பவை. யாரிடமிருந்து கரணை வாங்குவதாக இருந்தாலும் வெட்டிக் கட்டிவைத்த கரணைக் கட்டுகளைப் பார்த்து வாங்காமல், நிற்கும் புல்லைப் போய்ப் பாருங்கள். அறுத்து மூன்று நான்கு வாரமான வரிசையில் நடந்து, மற்றவற்றைவிடக் குட்டையாக, மெல்லிய மஞ்சள் இலையோடு நிற்கும் தூர் ஒன்று தென்பட்டாலும் அங்கே கரணை எடுக்காதீர்கள்.