மணலுக்கு டார்சி, ஜல்லிக்கு ஃபோர்க்ஹைமர், கரிசலுக்கு?

மழைநீர்க் குழி தோண்டுமுன், நீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று கணக்குப் போட வேண்டும். எந்த மண்ணுக்கு யாருடைய கணக்கு என்பதுதான் கேள்வி. கோடையில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும். சிரட்டையால் அள்ள அள்ள, ஓரத்து மணலிலிருந்து நீர் ஒரே சீராகச் சுரந்துகொண்டிருக்கும். இந்தச் சீரான கசிவைக் கணக்கில் பிடித்தவர் ஹென்றி டார்சி. பிரான்சின் திஜோன் நகரில் மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு அளந்து, 1856இல் வெளியிட்டார். நீர்மட்ட வேறுபாடு இரு மடங்கானால் ஓட்டமும் இரு மடங்கு, அவ்வளவுதான்.

1901இல் ஆஸ்திரியப் பொறியாளர் ஃபோர்க்ஹைமர் அந்த விதியோடு வேகத்தின் இருபடியையும் சேர்த்தார். பெரிய துளைகளில் விரையும் நீர், வளைந்து நெளிந்து மோதுவதிலேயே ஆற்றலை இழக்கிறது. அந்த இழப்பு டார்சி விதியில் இல்லை.

வித்தியாசம் எவ்வளவு? மழைநீர்க் குழிக்காக நானே போட்டுப் பார்த்தேன். துகள்களுக்கு இடையிலான வெற்றிடம் 40 சதவீதம், நீர் நேர் கீழே இறங்குகிறது, சூத்திரத்தில் வரும் கெழுக்கள் (மாறா எண்கள்) வேதிப் பொறியாளர் எர்குன் 1952இல் தந்தவை. அரை மி.மீ. மணலில் டார்சி நொடிக்கு 2.9 மி.மீ. என்கிறது, ஃபோர்க்ஹைமர் 2.8. இந்த வித்தியாசத்துக்காக மெனக்கெட வேண்டியதில்லை. அப்புறம் 20 மி.மீ. ஜல்லி. டார்சிப்படி நொடிக்கு நாலரை மீட்டருக்கும் மேல்! ஃபோர்க்ஹைமரோ 11 செ.மீ.தான் தருகிறது. நாற்பது மடங்குக்கும் மேல் பிசகு.

அதற்காக எல்லாக் குழிக்கும் ஃபோர்க்ஹைமர் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஜல்லிக்குக் கீழே மணல் அடுக்கு இருந்தால் ஓட்டத்தைத் தீர்மானிப்பது மணல்தான், டார்சியே போதும். ஜல்லி மட்டும் போட்டு நீரை நேரே ஆழ்துளைக் கிணற்றுக்கு விடுகிறவர்கள்தான் ஃபோர்க்ஹைமரைத் தேட வேண்டும். இரண்டுக்குமே பிடிபடாதது, மழைநீரோடு வந்து மணலின் இடுக்குகளை அடைக்கும் வண்டல். துகளின் அளவு பாதியானால் ஊடுருவுதிறன், அதாவது நீரை விடும் திறன், கால்வாசியாகிவிடும். குழியின் மேல்மணலை வருடா வருடம் அள்ளி அலசாவிட்டால், போட்ட கணக்கு எதுவானாலும் வீண்.

சரி, காய்ந்த மண்? நனைய நனைய அதன் ஊடுருவுதிறனே மாறும். அதனால் நனைந்த மண்ணுக்கான டார்சி கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. ரிச்சர்ட்ஸ் 1931இல் தந்த சமன்பாடு துல்லியமானது, ஆனால் கணினியும் ஏகப்பட்ட மண் அளவீடும் கேட்கும். கிரீன், ஆம்ப்ட் இருவரின் 1911ஆம் ஆண்டு முறை, ஈரம் ஒரே கோடாகக் கீழே இறங்குவதாக எடுத்துக்கொள்கிறது, கையாலேயே போட்டுவிடலாம். செம்மண்ணுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ரிச்சர்ட்ஸ், கிரீன்-ஆம்ப்ட் இரண்டுமே திணறும். சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்த நிலத்தில் ஒரு குடம் ஊற்றினால் கண்ணெதிரே காணாமல் போகும். நல்ல மழை பெய்து மண் உப்பி வெடிப்பு மூடிவிட்டால், அதே இடத்தில் நீர் இறங்காமல் தேங்கும். அங்கே குழி தோண்டுமுன் வெடிப்பு திறந்திருக்கும்போது ஒரு முறை, மூடிய பிறகு ஒரு முறை ஊற்றி அளந்துவிட்டு, குறைந்த அளவையே கணக்கில் எடுக்கிறேன்.