கேலவே ஸ்ட்ராட்டா 12 பீஸ் செட்: டெல்டாவில் கோல்ஃப் பழகுபவருக்குப் பொருந்துமா?

இந்த செட்டில் 12 பீஸ் என்றாலும் மட்டைகள் ஒன்பதுதான். தொலைதூரம் அடிக்க டிரைவர், 3 வுட்; வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட 5 ஹைபிரிட்; நடுத்தூரத்துக்கு 6 முதல் 9 வரை அயர்ன்; அருகிலிருந்து தூக்கி அடிக்க பிட்சிங் வெட்ஜ்; குழிக்குள் உருட்டிவிட பட்டர் (putter). மீதி மூன்றும் பையும் இரண்டு தலையுறைகளும். ஒன்பது மட்டை போதுமா என்று கவலைப்பட வேண்டாம். விதிப்படி பையில் 14 வரை வைத்துக்கொள்ளலாம், குறைந்தது இத்தனை வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மட்டைத் தலைகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிரைவரின் தலை, விதி அனுமதிக்கும் உச்ச அளவான 460 சிசி. அயர்ன்களின் அடிப்பாகம் அகலமானது, நடுவில் படாத அடியையும் ஓரளவு மன்னிக்கும்.

யோசிக்க வேண்டியது ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டுதான். ஆண்களுக்கான இந்த செட்டில் அயர்ன்கள் ஸ்டீல் ஷாஃப்டுடன் வருகின்றன. ஸ்டீல் ஷாஃப்ட் போட்ட 7 அயர்ன் மொத்தமாக 430 கிராம் பக்கம் இருக்கும், கிராஃபைட் (கார்பன் இழைத் தண்டு) என்றால் 390 பக்கம். மளிகைக்கடைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். 40 கிராம் பெரிதா என்று தோன்றலாம். நூறு பந்து அடித்த பிறகு அது தோளிலும் மணிக்கட்டிலும் தெரியும். களைத்த கை மட்டையை இழுத்து வர முடியாமல், பந்தில் படும் மட்டை முகத்தைத் திறந்தே விட்டுவிடும், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் போகும். பழகுபவர் தன் அடியில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்ததையும் மாற்றத் தொடங்கிவிடுவார்.

நம் மண் இதை இன்னும் மோசமாக்குகிறது. சம்பா அறுவடை முடிந்ததும் வயல் காலி என்று நினைக்க முடியாது, உளுந்தும் பயறும் நிற்கும். அவை எடுத்த பிறகு, மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் வரைதான் பழக இடம். அப்போது களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்துக்கு முன்னால் மட்டை தரையில் பட்டால் ஸ்டீல் அந்த அதிர்வை அப்படியே முழங்கைக்கு அனுப்பும், கிராஃபைட் பாதியிலேயே விழுங்கிவிடும். எந்த ஷாஃப்டாக இருந்தாலும் வெறும் களிமண்ணில் அடிக்காதீர்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள செயற்கைப் புல் பாய் ஒன்றை விரித்து, பஞ்சு போன்ற பயிற்சிப் பந்தில் அடியுங்கள். வரப்பில் ஆள் நடமாடும் இடம் அது.

ஃப்ளெக்ஸ், அதாவது ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்பதில், அதில் போட்டிருக்கும் எழுத்தை (மென்மையானது ஏ, சாதாரணம் ஆர், விறைப்பு எஸ்) மட்டும் நம்பக் கூடாது. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம், பொது அளவுகோல் கிடையாது. தோராயமாக, டிரைவரை வீசும் வேகம் மணிக்கு 75 முதல் 85 மைல் என்றால் ஏ, 85 முதல் 95 என்றால் ஆர். புதிதாகப் பழகும் பலருக்கு எஸ் தேவைப்படாது. விறைப்பு அதிகமானால் பந்து தாழ்வாக வலப்பக்கம் போகும், கையில் கட்டையைப் பிடித்த மாதிரி இருக்கும்.

அடுத்தது நீளம். செருப்பில்லாமல் நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். 34 முதல் 36 அங்குலம் வந்தால் சாதாரண நீளம் சரி. அதற்குக் குறைந்தால் மட்டைத் தலையின் நுனி தூக்கிக்கொண்டு, உள்முனை (உங்கள் பக்கம் இருக்கும் முனை) மட்டும் தரையைத் தொடும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுக்கும். சந்தேகம் இருந்தால் அடிப்பாகத்தில் எங்கே கீறல் விழுகிறது என்று பாருங்கள். உள்முனையில் மட்டும் விழுந்தால் மட்டை உங்களுக்கு நீளம்.

உடனே ஷாஃப்டை வெட்டக் கொடுக்காதீர்கள். மேல்முனையில் அரை அங்குலம் வெட்டினால் ஷாஃப்ட் விறைக்கும், தலையின் கனம் கையில் குறைந்து தெரியும். அரை அங்குலம் கீழே பிடித்து ஒரு மாதம் அடித்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும், செலவும் இல்லை. 5 அடி 4 அங்குலத்துக்குக் கீழே உள்ள ஆண், மெதுவாக வீசுபவர் என்றால், பெண்களுக்கான ஸ்ட்ராட்டா செட்டையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அது கிராஃபைட் ஷாஃப்ட், நீளமும் குறைவு. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மணல் பள்ளத்திலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜ் இந்த செட்டில் இல்லை. கொடைக்கானல், கோயம்புத்தூர் மைதானங்களுக்கு ஆடப் போகும்போது அது தேவைப்படும். முகச் சாய்வு 56 டிகிரி, பவுன்ஸ் (அடிப்பாகம் கீழே துருத்தும் கோணம்) 10 டிகிரி பக்கம் உள்ளதைத் தனியாக வாங்கலாம். பவுன்ஸ் அதற்கு மேல் போனால் காய்ந்த தரையில் மட்டை வழுக்கிப் பந்தின் வயிற்றில் மோதும்.

ஆகவே, உயரம் 5 அடி 7 அங்குலத்துக்கு மேல், வயது நாற்பதுக்குள், தோளில் வலு இருக்கிறது என்றால் ஆண்கள் செட்டைத் தயங்காமல் வாங்கலாம். ஐம்பதைத் தாண்டியவர்களும் முழங்கை வலி உள்ளவர்களும் கிராஃபைட் அயர்ன் உள்ள அரை செட்டை (குறைந்த மட்டைகள் கொண்ட செட்டை) தேடுவதே நல்லது. அளவெடுத்துச் செய்யும் முழு ஃபிட்டிங்குக்கு முதல் ஆண்டிலேயே பணம் கொடுக்க வேண்டாம். வீச்சு மாதாமாதம் மாறும், அளவும் கூடவே மாறும்.

வாங்கிய பிறகு இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய கார் டிக்கியில் மட்டைகளை விடாதீர்கள், தலையை ஒட்டியிருக்கும் எபாக்சி நாளடைவில் தளரும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக்காற்று ஸ்டீலைத் தின்னும், ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும். வியர்வையில் கிரிப் வழுக்கினால் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி நிழலில் காய வையுங்கள். அப்படியும் வழுக்கினால், நூல் கலந்த ரப்பர் கிரிப்புக்கு மாற்றிவிடலாம்.