லிட்டில் இந்தியா வாழைப்பழக் கடை: விலை கொஞ்சம் கூட, ஆனா காசு யாருக்குப் போகுதுன்னு தெரியுது

பினாங்குல வாழைப்பழம் எங்க வாங்கறதுன்னு யாராச்சும் கேட்டா இப்ப நான் சொல்ற கடை இதுதான். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல, லெபோ பாசார்லருந்து லெபோ குயின் பக்கம் போற வழியில, அஞ்சடியில, அதான் கடை வாசல் நடைபாதையில, வச்சிருக்கற சின்ன கடை, போர்டு கிடையாது, அதனால பேரு போட முடியல, ஆனா இரும்புக் குழாய்ல வரிசையா தார் தொங்கறத பாத்தா கண்டுபிடிச்சிடலாம். ஒரு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் நடத்தறாங்க, கூட ஒரு பங்களாதேஷ் தம்பி வேலைக்கு இருக்காரு.

கடையோட விசேஷம் பழம் மட்டும் இல்ல, ஒவ்வொரு தார்லயும் ஒரு அட்டை கட்டி வச்சிருப்பாங்க. பழைய பெட்டிய கிழிச்சு மார்க்கர்ல எழுதுன அட்டைதான். என்ன பழம், எந்த ஊரு, என்னைக்கு வெட்டுனது, தோட்டக்காரனுக்கு கிலோவுக்கு எவ்ளோ குடுத்தாங்க, எல்லாம் அதுல இருக்கும். போன தடவை நான் வாங்குன பெராங்கான்ங்கற ரகத்துல "கூலிம், செவ்வாய் வெட்டு, தோட்டத்துல 3 வெள்ளி"ன்னு எழுதியிருந்துச்சு (வெள்ளின்னா ரிங்கிட்), கடையில வித்தது 6 வெள்ளி 50 காசு. நடுவுல இருக்கற 3 வெள்ளி 50 காசு எங்க போச்சுன்னு கேட்டேன், அக்கா மூஞ்சி சுளிக்காம சொன்னாங்க, லாரிக்கு இவ்ளோ, எடத்து வாடகைக்கு இவ்ளோ, அழுகிப்போற பழத்துக்கு இவ்ளோ, தம்பி சம்பளத்துக்கு இவ்ளோ, மிச்சம் எங்களுக்கு தங்கச்சின்னு. இந்த ஊர்ல எத்தனையோ கடை பாத்தாச்சு, இப்படி கணக்க தொறந்து வச்சு வியாபாரம் பண்றவங்கள நான் பாத்ததில்ல.

பழத்த பத்தி சொல்லணும்ல. பெராங்கான் நல்லா இருக்கு, சதை கெட்டியா, உள்ள லேசா ஆரஞ்சு கலந்த மஞ்சள்ல, இனிப்போட கொஞ்சம் புளிப்பும் இருக்கும், பசங்களுக்கு ஸ்கூலுக்கு குடுத்து விட சரியான பழம். மாஸ்ங்கற ரகம் சுமார்தான், தோலு ரொம்ப மெல்லிசு, வீட்டுக்கு வர்றதுக்குள்ள கறுத்துப் போகுது, அன்னைக்கே சாப்பிடறதா இருந்தா மட்டும் வாங்குங்க. அவாக், அதான் நம்ம கற்பூரவள்ளி, பொரிக்கறதுக்குன்னு வாங்கிட்டுப் போறவங்கதான் அதிகம், சில சீப்புல கொட்டை இருக்கும், பல்லு பத்திரம். ஆனா இந்தக் கடைக்கு நான் போறதே ரஸ்தாளிக்காகத்தான். தோல உரிச்சா வெள்ளையா, வாயில வச்சா மாவா கரையும், பழுத்துட்டா காம்பு தானா கழண்டு சீப்புலருந்து விழும், அதனாலேயே பெரிய கடைங்க இத வாங்கறதில்ல, லாரியில குலுங்கி வந்தா பாதி உதிர்ந்துடும், அடுக்கி வைக்க முடியாது. கோயிலுக்கு, சாமி தட்டுக்கு ரஸ்தாளிதான் வேணும்னு கேக்கறவங்க இன்னும் இருக்காங்க, அவங்களுக்காகவே அக்கா தேடிப் புடிச்சு வாங்கறாங்க, ஆனா எல்லா வாரமும் கெடைக்காது.

கெடைக்காததுக்கு காரணம் மண்ணுல இருக்கற நோயி. பனாமா வாடல்னு சொல்ற ஃபியூசேரியம் பூஞ்சை, வேர் வழியா ஏறி மரத்த உள்ளேருந்தே காய வச்சிடும், ரஸ்தாளி அதுக்கு சீக்கிரம் விழற ரகம், ஒரு தடவை மண்ணுல பூந்துட்டா வருஷக்கணக்கா போகாது. உலகம் பூரா ஏற்றுமதி ஆகுற பழம் கிட்டத்தட்ட எல்லாமே கேவண்டிஷ்ங்கற ஒரே ரகம், நம்ம ஊர்ல பிசாங் மொந்தேல்னு விக்கறாங்களே அதுதான். அதுக்கு முன்னாடி குரோ மிஷேல்னு ஒரு ரகம் இருந்துச்சு, இதே நோயோட பழைய வகை வந்து 1950கள்ல அத ஏற்றுமதித் தோட்டங்கள்லருந்து தொடச்சிருச்சு. அப்புறம் கேவண்டிஷ்க்கு மாறுனாங்க, இப்ப அதையும் தாக்குற டிஆர்4ங்கற வகை வந்திருக்கு, 1990கள் ஆரம்பத்துல நம்ம மலேசியாவுலயே பெருசா போட்ட கேவண்டிஷ் தோட்டங்கள அது நாசம் பண்ணுச்சு, 2019ல கொலம்பியாவுக்கு போயி சேர்ந்திருச்சு. கன்னு வச்சு வளக்கற மரம், எல்லாம் ஒரே மரத்தோட நகல், ஒண்ணு விழுந்தா எல்லாமே விழும். ஏக்கர் கணக்குல ஒரே ரகத்த போட்டு மலிவா விக்கணும்ங்கற வியாபாரம்தான் இந்த நெலமைக்கு கொண்டாந்து விட்டுச்சு. இந்தக் கடையில ஆறேழு ரகம் தொங்கறத பாக்கறப்போ எனக்கு மனசுக்கு நெறைவா இருக்கறது அதனாலதான், சின்னச் சின்ன தோட்டத்துல கலந்து போடறவங்க இன்னும் இருக்காங்கன்னு அர்த்தம்.

இப்ப விலைக்கு வருவோம். சூப்பர்மார்க்கெட்டுல ஆஃபர் போட்டா இதவிட மலிவா கெடைக்கும், நெசம்தான். பிளாஸ்டிக் பையில மொந்தேல், ஒரே அளவு, ஒரு புள்ளி கூட இல்லாம, சில நேரம் பிலிப்பைன்ஸ் ஸ்டிக்கரோட. அந்த மழமழப்புக்கு என்ன விலைன்னு ஸ்டிக்கர்ல இருக்காது. பெரிய வாழைத் தோட்டங்கள்ல இலைப்புள்ளி நோய்க்கு பிளேன்லருந்து மருந்து அடிப்பாங்க, லத்தீன் அமெரிக்காவுல சில எடத்துல வருஷத்துக்கு 40 தடவைக்கு மேல. பிலிப்பைன்ஸ் டாவாவ் நகரத்துல அந்த மாதிரி வானத்துலருந்து அடிக்கக் கூடாதுன்னு 2007ல மாநகராட்சி சட்டம் போட்டுச்சு, தோட்ட முதலாளிங்க கேஸ் போட்டாங்க, 2016ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் சட்டத்த ரத்து பண்ணிருச்சு. தோட்டத்துக்கு பக்கத்துல வீடு வச்சிருக்கற ஜனங்க என்ன பண்ணுவாங்க. மார்ட்டினிக், குவாடலூப்னு கரீபியன் கடல்ல பிரான்ஸுக்கு சொந்தமான ரெண்டு தீவு, அங்க வாழைக்கு குளோர்டெகோன்ங்கற மருந்து அடிச்சாங்க, பிரான்ஸ்ல 1990ல தடை பண்ணதுக்கு அப்புறமும் அந்தத் தீவுங்கள்ல மட்டும் 1993 வரைக்கும் விட்டு வச்சாங்க, இன்னைக்கு அங்க இருக்கற பெரியவங்கள்ல நூத்துக்கு 90 பேருக்கு மேல ரத்தத்துல அந்த மருந்து இருக்கு.

இத ஏன் ஒரு கடை ரிவியூல எழுதறேன்னு கேப்பீங்க. எங்க சின்னம்மா எஸ்டேட்ல மருந்து அடிச்சவங்க. முதுகுல பம்பு, கையில கொழாய், மூக்குல ஒரு துணி, அவ்ளோதான் பாதுகாப்பு. நகம் கறுத்து கழண்டு விழுந்துச்சு, மூக்குலருந்து ரத்தம் வரும், சொன்னா தண்டல், அதான் மேஸ்திரி, "வேலை வேணுமா வேணாமா"ன்னு கேப்பாரு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எத்தனை பேரு அந்த வேலை பண்ணாங்கன்னு இங்க படிக்கறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. தெனாகானித்தாங்கற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பும் நம்ம பினாங்குலயே ஆபீஸ் வச்சிருக்கற பெஸ்டிசைட் ஆக்‌ஷன் நெட்வொர்க்கும் எஸ்டேட் பொம்பளைங்கள நேர்ல பாத்து ஆய்வு பண்ணி 2002ல அறிக்கை விட்டாங்க, அதே வருஷம் பாராகுவாட்ங்கற களைக்கொல்லிய நிறுத்தப் போறோம்னு அரசாங்கம் சொல்லுச்சு, 2006ல அத திரும்ப அனுமதிச்சிட்டாங்க, கடைசியா முழுத் தடை வந்தது 2020 ஜனவரியிலதான். வாழைத் தோட்டத்துலயும் களைக்கு அடிச்ச மருந்துதான் அது. அதனால மலிவு விலைய பாத்தா எனக்கு மொதல்ல வர்ற கேள்வி, மருந்து அடிச்சது யாரு, அவங்களுக்கு கையுறை குடுத்தாங்களாங்கறதுதான்.

அக்காகிட்ட இதையும் கேட்டேன். அவங்க வாங்கற தோட்டத்துல மருந்தே அடிக்கறதில்லன்னு அவங்க சொல்லல, அது எனக்கு புடிச்சிருந்துச்சு. "அடிக்கறாங்க தங்கச்சி, ஆனா குடும்பமா செய்யறவங்க, அவங்களே அடிக்கறாங்க, அதனால அளவா அடிக்கறாங்க"ன்னாங்க. ஆர்கானிக்னு பொய் சொல்லி ரெண்டு வெள்ளி ஏத்தியிருக்கலாம், செய்யல. பழுக்க வைக்க கார்பைட் கல்லும் போடறதில்ல, சாக்குல மூடி உள்ள ரெண்டு பழுத்த பழத்த வச்சு விட்டுடறாங்க, அதனால ஒரே தார்ல மேல பழம், கீழ காயா இருக்கும், அது கொறை இல்ல.

நியாய வணிகம்னு வெளிநாட்டுல ஃபேர்டிரேட் முத்திரை போட்டு விக்கறாங்களே, அதுல விவசாயிக்கு கொறைஞ்சபட்ச விலைன்னு ஒண்ணு உண்டு, அதுக்கு மேல ஒரு பெட்டிக்கு, அதாவது 18.14 கிலோவுக்கு, 1 டாலர் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு தனியா போகும். நல்ல ஏற்பாடுதான், ஆனா அந்த முத்திரையோட வாழைப்பழம் நம்ம பக்கத்துக் கடைங்கள்ல நான் பாத்ததில்ல. இந்த அட்டை ஒரு முத்திரையும் இல்ல, யாரும் வந்து ஆடிட் பண்றதும் இல்ல, ஆனா ஊரு பேரு போட்டிருக்கு, வேணும்னா கூலிம் போயி கேட்டுக்கலாம், ஃபெர்ரி ஏறிப் போற தூரந்தான்.

வாழைப்பழத்துக்கு ரத்தம் சிந்துன கதை ரொம்ப பழசு. 1928ல கொலம்பியா சியனாகாவுல யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி தொழிலாளிங்க வேலைய நிறுத்துனாங்க, கேட்டது எழுத்துல ஒப்பந்தம், எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு ஆறு நாள், கம்பெனி கடை சீட்டுக்கு பதிலா கையில காசு. டிசம்பர் மாசம் பட்டாளம் கூட்டத்து மேல சுட்டுச்சு. அத படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது 1941 கிள்ளான், நம்ம ரப்பர் தோட்டத் தொழிலாளிங்க தலைவர் ஆர்.எச்.நாதன் பின்னாடி நின்னு, சீனத் தொழிலாளிக்கு குடுக்கற சம்பளத்த எங்களுக்கும் குடு, தொரைய பாத்தா சைக்கிள விட்டு எறங்கச் சொல்லாதன்னு கேட்டாங்க, அங்கயும் பட்டாளந்தான் வந்துச்சு, சுட்டுச்சு, நாதன நாடு கடத்துனாங்க. பழமா ரப்பரா, கேட்டது ஒண்ணுதான், பதிலும் ஒண்ணுதான். அந்த யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி பின்னாடி சிக்கிட்டா ஆச்சு, கொலம்பியாவுல ஏயூசிங்கற ஆயுதக் கும்பலுக்கு 17 லட்சம் டாலர் குடுத்தத 2007ல அமெரிக்க கோர்ட்டுல ஒத்துக்கிட்டாங்க, 2024 ஜூன்ல ஃபுளோரிடா ஜூரி, அந்தக் கும்பல் கொன்னவங்க குடும்பங்களுக்கு 3 கோடியே 83 லட்சம் டாலர் குடுக்கணும்னு சொல்லுச்சு. செத்தவங்க பிள்ளைங்க வளந்து கோர்ட்டுல நின்னு வாங்குன தீர்ப்பு அது.

கடையில எனக்கு இருக்கற பெரிய கொறை இதுதான்: அட்டையில தோட்டக்காரன் இருக்காரு, தார தூக்கறவரு இல்ல. அந்த பங்களாதேஷ் தம்பி காலையில லாரியிலருந்து எறக்கறதுலருந்து ராத்திரி கழுவி விடறது வரைக்கும் நிக்கறாரு. கேட்டேன். மாசம் 1,700 வெள்ளி குடுக்கறோம்னு கடைக்கார அண்ணன் சொன்னாரு, அஞ்சு பேருக்கு கொறைவா வேலைக்கு வச்சிருக்கற கடைங்களுக்கு அந்த சம்பளம் கட்டாயம் ஆனது 2025 ஆகஸ்ட்லருந்துதான், நாங்க பிப்ரவரியிலேயே பெரிய கடைங்களோட சேர்த்து குடுத்துட்டோம்னாரு, தொழிலாளர் காப்புறுதியான பெர்கேசோவும் கட்டறாங்களாம். தம்பிகிட்ட தனியா கேட்டேன், சம்பளம் சரியா வருதுன்னாரு, லீவுதான் பத்தலன்னாரு. கடை லீவு இருக்கற திங்கக்கிழமையும் தார் எறக்க கூப்பிடறாங்களாம். இது சரியில்ல, அண்ணன்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன், அவரு பதில் சொல்லல. கூலிம் விவசாயிக்கு காட்டற நியாயத்த கடைக்குள்ள நிக்கறவருக்கும் காட்டணும், ஓவர்டைம் எவ்ளோன்னு ஒரு அட்டை அவருக்கும் எழுதி மாட்டுங்க. நீங்களும் போனா கேளுங்க, வாடிக்கையாளருங்க நாலு பேரு கேட்டா மாறும்.

மத்த கொறைங்க சின்னதுதான். பிளாஸ்டிக் பை இன்னும் குடுக்கறாங்க, நீங்க பை கொண்டு போங்க. வண்டி நிறுத்த எடம் கெடைக்காது. சாயங்காலம் போனா நல்ல சீப்பெல்லாம் போயிடும், காலையில 8 மணிக்கு மேல போங்க. கியூஆர் ஸ்கேன் இருக்கு. தைப்பூச சமயத்துல மத்த எடத்துல விலைய கண்டபடி ஏத்துவாங்க, இங்க ஏத்துனாலும் அட்டையில தோட்டத்து விலையும் ஏறியிருக்கான்னு பாத்துக்கலாம். ரஸ்தாளி முழுத்தார் வேணும்னா ரெண்டு வாரம் முன்னாடி சொல்லி முன்பணம் குடுக்கணும், வாழையிலை கட்டு சனிக்கிழமை மட்டும், கல்யாணத்துக்கு வாசல்ல கட்ட வாழைமரமும் சுங்கை பாக்காப்லருந்து எறக்கித் தர்றாங்க, வண்டிக் கூலி தனி.