ஸ்ட்ரோலரோடு ரயில் ஏறப் போகிறீர்களா? பிளாட்பாரத்தில் ‘லக்கேஜ் சீட்டு’ கிழித்துக் கொடுப்பவரிடம் உஷார்

கைக்குழந்தையோடு ரயிலில் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு பத்தியைப் படித்தால் போதும். மடித்த ஸ்ட்ரோலரை (குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் மடக்கு வண்டியை) ரயில் பெட்டிக்குள் கொண்டுபோகத் தடை கிடையாது. உங்கள் டிக்கெட்டுக்கு உரிய இலவச எடைக்குள் இருக்கும்வரை அதற்குத் தனியாகக் காசும் கிடையாது. “இதை உள்ள ஏத்த விட மாட்டாங்க, நான் கடைசியில இருக்கற கார்டு வேன்ல போட்டுத் தர்றேன்” என்று பிளாட்பாரத்தில் யாராவது வந்து நின்றால் காசு கொடுக்காதீர்கள், வண்டியையும் கையை விட்டு விடாதீர்கள். எங்களிடம் அப்படிச் சொன்ன ஆள் 650 ரூபாயையும் வாங்கிக்கொண்டு, ஸ்ட்ரோலரையும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதற்காகத் தெற்கே போகிற ராத்திரி வண்டியில் ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்திருந்தோம். நான், வீட்டுக்காரர், பதினோரு மாதக் குழந்தை. ஸ்ட்ரோலர் என் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. காது குத்துக்கு முன்பே வந்து சேர்ந்த தாய்மாமன் சீர் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஒன்பதாயிரத்துக்கு மேல் விலை, எடை ஏழு கிலோ, மடித்தால் ஒரு நடுத்தர சூட்கேஸ் அளவுதான் வரும்.

ஸ்டேஷன் பெயர் வேண்டாம். பெரிய ஸ்டேஷன், லிஃப்ட் வேலை செய்யவில்லை, எங்கள் பெட்டி பிளாட்பாரத்தின் அந்தக் கோடி. வண்டி கிளம்பக் கால் மணி நேரம்கூட இல்லை. குழந்தை தூக்கக் கலக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். இவர் இரண்டு பைகளோடு முன்னால் போக, நான் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தேன். அப்போதுதான் அந்த ஆள் குறுக்கே வந்தார். ஐம்பது வயது இருக்கும். காக்கி பேன்ட், வெள்ளைச் சட்டை, காதில் செருகிய பேனா, கக்கத்தில் ரசீதுப் புத்தகம். கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை தொங்கியது. பெயர் இருக்கும் பக்கம் கடைசிவரை சட்டைப் பக்கமே திரும்பியிருந்தது.

“குழந்தைக்கு டிக்கெட் எடுத்தாச்சா மேடம்?”

“ஒரு வயசே ஆகலைங்க, எதுக்கு டிக்கெட்?”

“அது சரிதான், அஞ்சு வயசு வரைக்கும் ஃப்ரீ. ஆனா இந்த வண்டி போகாது. சக்கரம் வெச்ச எதுவும் ரிசர்வேஷன் கோச்சுல ஏறக் கூடாதுன்னு ஆர்டர். டிடிஆர் பாத்தா ஆறு மடங்கு ஃபைன் போட்டுருவாரு. அப்புறம் என்னைக் கேக்காதீங்க.”

அந்த ஆளின் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்தவரையும் இதே மாதிரிதான் பேசி மடக்குவார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை என்பது உண்மை. தனி பெர்த் வேண்டுமென்றால்தான் முழுக் கட்டணம். கேட்காமலே நமக்குச் சாதகமான விதியைச் சொன்னதும், ரயில்வே ஆள்தான் போல என்று மனசு நம்பிவிடுகிறது. ஆறு மடங்கு என்பதும் ரயில்வே விதியில் இருக்கிறது. ஆனால் அது, அனுமதித்த எடையைத் தாண்டிய சாமானை புக் செய்யாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால்தான். ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ இலவசம், மூன்றடுக்கு ஏசியிலும் 40, இரண்டடுக்கு ஏசியில் 50, முதல் வகுப்பு ஏசியில் 70. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து 80 கிலோ. பைகள், ஸ்ட்ரோலர், குழந்தை, நான் எல்லோரும் தராசில் ஏறினால்தான் அந்தக் கணக்கைத் தாண்டியிருப்போம்.

‘ஆர்டர்’ என்ற சொல்லுக்கும் ஒரு பின்னணி உண்டு. 2025 ஆகஸ்டில், விமானத்தைப் போல ரயிலிலும் லக்கேஜை எடை போட்டுக் காசு வாங்கப் போகிறார்கள் என்று ஒரு செய்தி எல்லா வாட்ஸப் குரூப்பிலும் சுற்றியது. புது விதி எதுவும் இல்லை, காலங்காலமாக இருக்கும் வரம்புதான் என்று ரயில்வே அமைச்சரே பிறகு சொன்னார். செய்தியைப் படித்தவர்கள் நிறைய, மறுப்பைப் படித்தவர்கள் கம்மி. இந்த மாதிரி ஆட்களுக்கு அந்த இடைவெளி போதும்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து, “மடிச்சு சீட்டுக்கு அடியில வெச்சுக்கறோம், யாருக்கும் இடைஞ்சல் இல்ல” என்று சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் குரலை உயர்த்தவே இல்லை. “உங்க இஷ்டம் சார். நான் சொல்றத சொல்லிட்டேன். நடுராத்திரில குழந்தையை வெச்சுக்கிட்டு டிடிஆர் கூட மல்லுக்கட்டணும், அதான் பாக்கறேன்” என்றார். கட்டணம் 650. ஜிபே பண்ணுகிறேன் என்றால், ரயில்வே கணக்கு, கேஷ்தான் வாங்க முடியும் என்று பதில். (இதுவும் புளுகு. ரயில்வே கவுன்டர்களில் க்யூஆர் கோடு வைத்திருக்கிறார்கள்.) பிஎன்ஆர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு மஞ்சள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இறங்கும்போது கார்டிடம் இதைக் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு, ஸ்ட்ரோலரை ஒரே தட்டில் மடித்து எடுத்துக்கொண்டு வண்டியின் வால் பக்கமாக நடந்தார். புது ஆளுக்கு அந்த மடக்கும் விசை சட்டென்று பிடிபடாது. அவருக்குப் பழக்கம் இருந்தது.

பெட்டியில் ஏறியபின் நடந்ததுதான் எரிச்சல். பக்கத்துத் தடுப்பில் ஒரு குடும்பம், அவர்களிடமும் ஒரு ஸ்ட்ரோலர். ஜன்னலோரம் மடித்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். டிடிஆர் வந்தார், டிக்கெட் பார்த்தார், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரிடம் மஞ்சள் சீட்டைக் காட்டியபோது, “இது லக்கேஜ் டிக்கெட் மாதிரி தெரியலையே. இறங்கினதும் பார்சல் ஆபீஸ்ல கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழந்தை தூங்காமல் படுத்திய பாட்டைப் பார்த்து, எதிர் பெர்த் பாட்டி தன் பையிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்துக் கொடுத்தார். அதில் இவர் தூளி கட்ட, அவள் திண்டுக்கல் தாண்டும்வரை அசையவில்லை.

விடியற்காலை எங்கள் ஊரில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும். இவர் கடைசிப் பெட்டிக்கு ஓடினார். கார்டு (2022லிருந்து அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர், ஊரில் இன்னும் கார்டுதான்) சீட்டை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “இது எங்க சீட்டே இல்ல சார். இந்த ஸ்டேஷனுக்கு எனக்கு லக்கேஜ் எதுவும் கொடுக்கல” என்றாராம். வண்டி கிளம்பிவிட்டது.

சீட்டை வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. கடைகளில் கிடைக்கும் சாதாரண ரசீதுப் புத்தகத்தின் தாள். மேலே ஆங்கிலத்தில் ‘லக்கேஜ்’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டேஷன் பெயர் இல்லை, எடை இல்லை. தொகை எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும். கையெழுத்து பாம்பு நெளிந்தது போல இருந்தது.

அப்புறம் அலைச்சல். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் பார்சல் ஆபீஸைக் கேளுங்கள் என்றார்கள். பார்சல் ஆபீஸ் திறக்க ஒன்பது மணி ஆகும் என்றார்கள். திறந்ததும், எங்கள் புத்தகத்தில் இல்லை, போலீஸிடம் போங்கள் என்றார்கள். போலீஸ் அவுட்போஸ்ட்டில் இருந்தவர், “சம்பவம் அங்கதானே நடந்துச்சு, அங்க போய்க் கொடுங்கம்மா” என்றார். ஏறிய ஊருக்குக் குழந்தையோடு திரும்பிப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்து காது குத்த வேண்டும் போல. அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் இது அபத்தமாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

அந்தப் போலீஸ்காரர் சொன்னது சட்டப்படி தப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். என் நாத்தனார் வீட்டுக்காரர் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறார், அவர் போனில் பிரிவு எண்ணைச் சொன்னதும் அதே அவுட்போஸ்ட்டில் நாற்காலி கிடைத்தது. புகாரை வாங்கி சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கியதற்கான அத்தாட்சி) கொடுத்தார்கள். ஸ்ட்ரோலர் இன்னும் கிடைக்கவில்லை.

நிஜமான லக்கேஜ் புக்கிங் எப்படி நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது பிளாட்பாரத்தில் நின்ற நிலையில் நடக்காது. வண்டி கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்பாவது பொருளைக் கட்டி, பயண டிக்கெட்டோடு பார்சல் அல்லது லக்கேஜ் ஆபீஸுக்கு நாம்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே எடை போட்டு, காசு வாங்கி, ரசீது தருவார்கள். இறங்கும் ஊரில் அந்த ரசீதைக் கொடுத்துத்தான் பொருளை எடுக்க முடியும். ஒழுங்காக புக் செய்தாலும், மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டாவிட்டால், பொருள் தொலைந்தால் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய்தான். எங்கள் ஏழு கிலோ வண்டிக்கு 700 ரூபாய். அதனால் ஸ்ட்ரோலர் உங்களோடு பெட்டிக்குள்ளேயே வருவதுதான் நல்லது. ஏறும் முன்பே மடித்துவிடுங்கள், படிக்கட்டில் விரித்த வண்டியோடு ஏற முடியாது. கீழ் பெர்த்துக்கு அடியில் கம்பி வளையங்கள் இருக்கும், சூட்கேஸோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டலாம்.

தூக்க ஆள் வேண்டுமென்றால் சிவப்புச் சட்டையும் பித்தளை வில்லையும் போட்ட போர்ட்டரைக் கூப்பிடுங்கள், வில்லை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர் அபராதம் வாங்கினாலும் தொகை எழுதிய ரசீது கொடுத்தே ஆக வேண்டும். யாராவது விதி பேசினால் அந்த இடத்திலேயே ரயில்வே உதவி எண் 139க்கு போன் போடுங்கள். போனைக் காதில் வைத்தாலே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

இதே காக்கி பேன்ட், நீல நாடா, மஞ்சள் சீட்டு உங்களுக்கும் வாய்த்திருந்தால், தொகை சின்னது என்று விடாமல் ரயில்வே போலீஸில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் வாங்குங்கள். தனி ஒரு புகாராக இருந்தால் கேமரா பதிவை எடுக்கச் சொல்லி அழுத்தம் கொடுப்பது கஷ்டம், நாலைந்து சேர்ந்தால் மேலே கொண்டுபோகலாம் என்று எங்களிடம் புகார் வாங்கிய ஏட்டே சொன்னார். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் இருக்கும் கையெழுத்தை எங்கள் சீட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.