எட்டு வருஷ எல்டிஸ்பைஸ்: ரெல்டாலில் கை வைக்கும் முன்னால்

மதுரை புதூரில் ஒரு சின்னப் பட்டறையில் விவசாய மோட்டார்களுக்குப் பாதுகாப்பு போர்டு செய்கிறேன். சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் நிரல் எல்டிஸ்பைஸ். எட்டு வருஷமாக எந்த சர்க்யூட்டும் அதில் ஓடாமல் பிசிபிக்கு, அதாவது அச்சிட்ட போர்டுக்கு, போனதில்லை. இலவசம், வேகம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது, பலரும் திறந்தே பார்க்காத இரண்டு அமைப்புகளைப் பற்றி: டாலரன்ஸ் (கணக்கில் எவ்வளவு பிழையை நிரல் ஏற்கலாம் என்பது), வெப்பநிலை.

மூன்று வருஷத்துக்கு முன் கத்திரி வெயில் நேரம். வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். "தம்பி, ராத்திரி விடிய விடிய ஓடுது. மத்தியானம் ஆனா மோட்டார் தானா நின்னுக்கிருது. நாத்து காயுது, ஒரு எட்டு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகை, மேற்குப் பார்த்த பேனல் பெட்டி. லைன் வோல்ட்டேஜ் ஏறினால் 270 வோல்ட்டில் துண்டிக்க வேண்டிய என் போர்டு 235க்கே துண்டித்துக்கொண்டிருந்தது. அந்த லைனில் ராத்திரி 250 வந்தாலும் மோட்டார் ஓடுகிறது, பகலில் 235க்கு நிற்கிறது. பெட்டிக்குள் தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பியை) விட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் 67 டிகிரி.

செலவைக் குறைக்க ஒரு பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸ் வோல்ட்டேஜையே அளவுகோலாக வைத்திருந்தேன். 27 டிகிரியில் சுமார் 0.62 வோல்ட். சிலிக்கான் ஜங்ஷனில் டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். 40 டிகிரி ஏறினால் 80 மில்லிவோல்ட் போய் 0.54 ஆகிறது. 270ஐ அதே விகிதத்தில் குறைத்தால் 235. கணக்கு அச்சு அசலாகப் பொருந்தியது.

சிமுலேஷன் இதை ஏன் முன்பே காட்டவில்லை? எல்டிஸ்பைஸ் போன்ற ஸ்பைஸ் நிரல்களில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் வெப்பநிலை 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். மதுரையில் 27 டிகிரி என்பது மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். அந்தச் சாயங்காலத்திலேயே என் போர்டு எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவே 'ஸ்டெப் டெம்ப் 20 75 5' என்று, அதாவது 20 முதல் 75 டிகிரி வரை ஐந்தைந்தாக ஏற்றும்படி, கொடுத்து ஓட்டினேன். சூடு ஏற ஏறத் துண்டிப்பு வோல்ட்டேஜின் கோடு நேராக இறங்க வேண்டும். வந்ததோ ரம்பப்பல் மாதிரி. 55 டிகிரியில் வந்த துண்டிப்பு வோல்ட்டேஜ் 45இல் வந்ததைவிட அதிகம்! தேடிப் பார்த்தால் தப்பு என் பழைய கோப்பில். ரிலே விடுபடும் இடத்தில் 'டைம் ஸ்டெப் டூ ஸ்மால்' (கணக்கின் நேர அடி மிகச் சிறிதாகிவிட்டது) என்ற எரரோடு சிமுலேஷன் நின்றதால், எப்போதோ ரெல்டாலை 0.001இலிருந்து 0.05 ஆக்கி வைத்திருந்தேன். எரர் போய்விட்டது, நானும் நிம்மதியாக விட்டுவிட்டேன்.

ரெல்டால் என்பது விகித டாலரன்ஸ். அடுத்தடுத்த இரண்டு கணக்குச் சுற்றுகளுக்கு நடுவே இத்தனை விகிதம் வித்தியாசம் இருந்தாலும் விடை வந்துவிட்டது என்று நிரல் ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு பெரிய டைம் ஸ்டெப் எடுக்கலாம் என்பதையும் அதுதான் தளர்த்துகிறது. 0.62 வோல்ட்டில் 0.05 என்றால் 31 மில்லிவோல்ட். நான் தேடிய வித்தியாசமே மொத்தம் 80 மில்லிவோல்ட்தானே! இதில் பயப்பட வேண்டியது, அலைவடிவம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். சிவப்பு எழுத்தில் எரர் வந்தால் நாம் தேடுவோம், அழகான படத்தைப் பார்த்தால் நம்பிவிடுவோம்.

ரெல்டாலை 0.001க்கே திருப்பிவிட்டு, நிற்கிற காரணத்தைத் தேடினேன். ரிலே காயிலுக்குக் குறுக்கே ஐடியல் டயோடு போட்டிருந்தேன். அதற்குக் கெப்பாசிட்டன்ஸே கிடையாது, அதனால் வோல்ட்டேஜ் கண்மூடித் திறப்பதற்குள் பாய்கிறது. அதை எடுத்துவிட்டு 1என்4007இன் முழு மாடலைப் போட்டேன், காயிலுக்கு 400 ஓம் ரெசிஸ்டன்ஸ் சேர்த்தேன், சப்ளை ஏற ஒரு மில்லிசெகண்ட் கொடுத்தேன். ஒரு எரரும் இல்லாமல் ஓடியது. கோடும் நேராக இறங்கியது.

மற்ற டாலரன்ஸ்களில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இல்லை. கரன்ட்டுக்கான டாலரன்ஸான ஆப்ஸ்டால் இயல்பாக 1 பிகோஆம்பியர். ரிலே, மோட்டார் வேலையில் அது தேவையே இல்லை, 1 நானோஆம்பியர் போதும். வோல்ட்டேஜுக்கான விஎன்டாலையும் 1 மைக்ரோவோல்ட்டிலிருந்து 10 ஆக்கலாம். சென்சார் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் இரண்டையும் தொடக் கூடாது.

வெப்பநிலையில் இன்னும் இரண்டு விஷயம். டெம்ப் (சர்க்யூட் ஓடும் வெப்பநிலை) வேறு, டிநாம் வேறு. டிநாம் என்பது மாடலின் எண்களை அளந்த வெப்பநிலை, அதை மாற்றிவிட்டு வெயிலில் சோதித்தாயிற்று என்று நினைக்கக் கூடாது. அடுத்தது, சாதாரண மாடல்களில் பாகம் தன் சூட்டில் தானே காய்வது கணக்கில் வராது. கொடுக்கும் டெம்ப்தான் ஜங்ஷனின் வெப்பநிலை. எனவே வானிலைச் செய்தியில் வரும் 40ஐப் போடாதீர்கள், பெட்டிக்குள் அளந்து, அதற்கு மேலேயும் வைத்து ஓட்டுங்கள். ரெசிஸ்டருக்கு டிசி1 (டிகிரிக்கு எவ்வளவு மாறும் என்ற எண்) கொடுக்காவிட்டால் அது எந்தச் சூட்டிலும் அசையாது. பல ஐசி மாடல்களுக்குள்ளும் வெப்பநிலை நடத்தை எழுதப்பட்டிருக்காது. அங்கே சிமுலேஷன் காட்டும் ஏறாத இறங்காத கோட்டை நம்பக் கூடாது.

அதனால் இப்போது பட்டறையில் ஹேர் ட்ரையரும் வேரியாக்கும் (லைன் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) சிமுலேஷனுக்குத் துணை. பழைய போர்டை 65 டிகிரிக்குச் சூடாக்கி வேரியாக்கை ஏற்றியபோது 236இல் ரிலே விட்டது, திரையில் 237. வாடிப்பட்டி அண்ணனுக்கு டிஎல்431 ரெஃபரன்ஸும் (சூட்டில் அதிகம் மாறாத அளவுகோல் வோல்ட்டேஜ் தரும் ஐசி) எல்எம்393 கம்பேரேட்டரும் (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் ஐசி) வைத்த புது போர்டை நானே கொண்டுபோய் மாட்டினேன். போன மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் அளந்தேன். லைனில் 244 வோல்ட், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.