கிளிசராலா, எத்திலீன் கிளைக்காலா, எண்ணெயா?

எக்ஸ் கதிர் ஆய்வுக்காகப் புரதப் படிகத்தைத் திரவ நைட்ரஜனில் முக்கும்போது அதிலுள்ள நீர் பனிக்கட்டி ஆகாமல் கண்ணாடிபோல உறைய வேண்டும். பனியானால் 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் பனி வளையங்கள் எக்ஸ் கதிர்ச் சிதறல் தரவின்மேல் விழும், படிகமும் விரிசல் விடலாம். கிரையோ திரவம், அதாவது உறைகாப்புத் திரவம், இதைத் தடுக்கத்தான்.

பலரும் பழக்கத்தில் எடுப்பது கிளிசரால், 20 முதல் 30 சதவீதம். தப்பில்லை, ஆனால் நான் அதில் தொடங்க மாட்டேன். பாகுபோல இருப்பதால் படிகத்துக்குள் மெதுவாகத்தான் இறங்கும். சில புரதங்களின் கரைதிறனைக் கூட்டிவிடுவதால் படிகம் கண்ணெதிரே கரைந்துபோவதும் உண்டு. சர்க்கரையைப் பிடிக்கும் என்சைம் என்றால் இன்னும் சிக்கல்: மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட கிளிசரால் வினைமையத்தில் புகுந்து, நாம் பார்க்க விரும்பும் லிகண்டின் (புரதத்தோடு பிணையும் மூலக்கூறின்) இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எத்திலீன் கிளைக்கால் சின்ன மூலக்கூறு, பிசுபிசுப்பும் குறைவு. சீக்கிரம் உள்ளே போவதால் ஊறவைக்கும் நேரம் குறையும், படிகம் படும் பாடும் குறையும். வினைமையத்தில் இதுவும் ஒட்டும்தான். ஆனாலும் என் முதல் முயற்சி இதுவே.

அதற்கும் முன்னால் தாய்க்கரைசலை, அதாவது படிகம் வளர்ந்த கரைசலை, பாருங்கள். எம்.பி.டி. (மெத்தில் பென்டேன்டையால் என்ற ஆல்கஹால்) தாராளமாக இருந்தால் வேறெதுவும் தேவைப்படாமலே போகலாம். பெக்கில் (பாலிஎத்திலீன் கிளைக்காலில்) வளர்ந்த படிகத்துக்கு பெக் 400 இயல்பாகப் பொருந்தும். அம்மோனியம் சல்பேட் மிகுந்த கரைசலில் எம்.பி.டி. கலந்தால் இரண்டாகப் பிரிந்துவிடலாம். அங்கே சோடியம் மலோனேட் நல்ல வழி.

பாரடோன் போன்ற எண்ணெய் வேறு வகை. உள்ளே போகாது, படிகத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். அதனால் சவ்வூடு பரவல் அதிர்ச்சி இல்லை. ஆனால் படிகத்தை எண்ணெயில் இழுத்து, மேற்பரப்பில் ஒட்டிய நீரை முழுக்க நீக்க வேண்டும். மெல்லிய தகடு போன்ற படிகம் அந்த இழுவையில் வளைந்துவிடும்.

எதை எடுத்தாலும் தாய்க்கரைசலை நீர்க்கவிடாதீர்கள். அதிலுள்ள நீரின் பங்கைத்தான் கிரையோ நிரப்ப வேண்டும், உப்பும் பெக்கும் பழைய அளவிலேயே இருக்கட்டும். அப்புறம் படிகமில்லாத லூப்பில் (படிகத்தை அள்ளும் சிறு வளையத்தில்) அந்தக் கலவையை மட்டும் உறையவைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி, வெளுத்தால் செறிவைக் கூட்டுங்கள்.

முடிந்தால் அறை வெப்பநிலையிலும் ஒரு படிகத்தைச் சோதியுங்கள். அங்கே 2 ஆங்ஸ்ட்ராம் வரை (எண் குறையக் குறைய விவரம் கூடும்) சிதறிய படிகம் 100 கெல்வினில் 3.5 ஆங்ஸ்ட்ராமோடு நின்றால், மாற்ற வேண்டியது கிரையோவையோ குளிர்விக்கும் முறையையோ. இரண்டிலும் மோசமென்றால் படிக வளர்ப்புக்கே திரும்ப வேண்டியதுதான்.